பினாங்குக் கரையில் கெம்போங்: அப்பல்லோ போட்டும் ஏன் சிக்குவதில்லை?

சந்தையில் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் விலை ஏறும் வாரங்களில் பாடாங் கோத்தா கடற்சுவரிலும் தெலுக் பஹாங் படகுத்துறையிலும் தூண்டில் கோல்கள் கூடிவிடும். காணொளியில் ஒருவர் ஒரே வீச்சில் ஆறு மீனைத் தூக்குவதைப் பார்த்து, அதே மாதிரி அப்பல்லோ முள்ளை (ஒரே நரம்பில் பல சின்ன முட்கள் தொங்கும் தூண்டில் கட்டு) வாங்கிக்கொண்டு வருபவர்கள் பலர். மூன்று மணி நேரம் வீசிய பிறகு வாளியில் இரண்டு காரல் மீனும் ஒரு பேத்தை மீனும் கிடக்கும். தூண்டிலைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த மீனைத் தேடுகிறோம், அது எப்படித் தின்கிறது, எந்த இரவில் கரைக்கு வரும் என்ற மூன்றும் தெரியாமல் வீசுவதுதான் காரணம். அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

எந்த 'மேக்கரல்'?

'மேக்கரல்' என்ற ஒரே பெயரில் நம் ஊரில் குறைந்தது மூன்று வகை மீன்கள் புழங்குகின்றன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

1. கெம்போங். தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி, அயிலை என்பார்கள். வடக்கே கெடா, பினாங்கு மலாய்க்காரர்கள் தெமெனோங் என்றும் சொல்வார்கள். சௌராஸ்தா சந்தையில் கிடைப்பவற்றில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. ஒன்று உடல் சற்று நீண்டது. மார்புத் துடுப்பின் கீழ் ஓரத்தருகே ஒரு கரும்புள்ளி இருக்கும். மற்றது குட்டையாக, வயிறு அகன்று, தட்டையாகத் தெரியும். கரையில் சிக்குபவை பெரும்பாலும் ஒரு சாணுக்கு உட்பட்டவை.

2. சாபா. உறைய வைத்தும் டப்பாவிலும் வரும் குளிர்கடல் மீன். ஐரோப்பியரும் ஜப்பானியரும் கரையிலிருந்து பிடிப்பதாகக் காணொளியில் வருவது இந்த இனமும் இதன் உறவுகளும். மலாக்கா நீரிணையில் இதைத் தேடிப் பயனில்லை.

3. தெங்கிரி, அதாவது வஞ்சிரம். இது வேட்டையாடும் மீன். அதன் பற்கள் தூண்டில் நரம்பை வெட்டிவிடும் என்பதால் கம்பித் தலைப்பும் உயிருள்ள தம்பான் (சிறு மத்தி) இரையும் வேண்டும். துறைமுனைகளில் எப்போதாவது சிக்கும். அதன் வேலை முறை முற்றிலும் வேறு.

ஆகவே குளிர்கடல் காணொளியில் சொல்லும் பெரிய இறகு முள்ளும் கனத்த ஈயமும் நடுப்பகல் வேட்டையும் இங்கே பொருந்தாது. இனி மேக்கரல் என்றால் முதல் வகையான கெம்போங் மட்டுமே.

வாயைத் திறந்து பாருங்கள்

அடுத்த முறை மீன் வாங்கும்போது ஒரு கெம்போங்கின் வாயை விரலால் அகலத் திறந்து உள்ளே பாருங்கள். செவுள் வளைவுகளில் மெல்லிய நீண்ட இழைகள் சீப்பின் பற்கள் போல நெருக்கமாக நிற்கும். அதுதான் அந்த மீனின் சல்லடை. வாயைப் பிளந்துகொண்டு நீந்தும்போது தண்ணீர் செவுள் வழியாக வெளியேறும். மிதவை உயிர்கள், இறால் குஞ்சுகள், கூனி இறால், மீன் பொடிகள் ஆகியவை உள்ளே தங்கிவிடும்.

இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

முதலாவது, பெரிய இரை வீண். விரல் நீள இறாலைக் கோத்துப் போட்டால் காத்திருப்பது செம்பிலாங்கும் (கடல் கெளுத்தி வகை) பேத்தையும்தான். கெம்போங்கின் உணவு சில மில்லிமீட்டர் முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை. அப்பல்லோ முள்ளில் ஒட்டியிருக்கும் மீன்தோல் துணுக்கும் மினுக்கு இழையும் பச்சை மணியும் அந்த அளவைத்தான் நடிக்கின்றன.

இரண்டாவது, கூனி இருக்கும் இடத்தில் கெம்போங் இருக்கும். பினாங்கு பெலச்சானுக்கு (இறால் விழுதுக்கு) மூலப்பொருளான கெராகாவ் இந்தக் கூனிதான். கரையோரத் தண்ணீரில் இளஞ்சிவப்புப் புகை போலக் கூனி கூட்டமாக நகர்ந்தால் அன்று நம்பி உட்காரலாம்.

மூன்றாவது, கெம்போங் கண்ணால் பார்த்தும் பொறுக்கித் தின்னும். நம் போலி இரையை அது கடிப்பதே இந்தப் பழக்கத்தால்தான். பார்க்க முடியாத தண்ணீரில் அப்பல்லோ வெறும் உலோகம். அடுத்த பகுதி அதனால்தான் முள்ளைப் பற்றியது அல்ல, தண்ணீரைப் பற்றியது.

கலங்கல்: தீவின் இரண்டு முகங்கள்

ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே கடல் சுமார் 3 கிலோமீட்டர்தான். அந்தக் குறுகிய நீரிணையில் கடலின் ஒவ்வொரு ஏற்றமும் வற்றும் வேகமாக ஓடி, அடிச் சேற்றைக் கிளறிவிடும். பிராய் ஆறு பெருநிலப் பக்கமிருந்தும், பினாங்கு ஆறு தீவுப் பக்கமிருந்தும் கொட்டுவது அதோடு சேரும். கர்ப்பால் சிங் சாலை, குயின்ஸ்பே நடைபாதை ஆகிய இடங்களில் வற்று நேரத்தில் சேற்றுத்தரையே வெளியில் தெரியும். அங்கே மீன் உண்டு, ஆனால் கெம்போங்குக்குத் தெளிந்த சில மணி நேரம் மட்டுமே வாய்ப்பு.

வடகரை வேறு முகம். தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் அகன்ற கடலைப் பார்த்திருக்கின்றன. அங்கும் கண்ணாடித் தெளிவு கிடையாது, ஆனால் நீரிணையைவிட மேல். முதல் முறை போகிறவர்கள் தெலுக் பஹாங் பக்கம் போவதே நல்லது.

தெளிவை அளக்கக் கருவி தேவையில்லை. வெள்ளை நிற ஈயக்குண்டு ஒன்றை நரம்பில் கட்டி மெதுவாக இறக்குங்கள். கண்ணிலிருந்து மறையும் இடத்தில் நரம்பில் ஒரு முடிச்சு அடையாளம் போட்டு, மேலே எடுத்து முழத்தால் அளக்கலாம். ஒரு முழத்துக்குள் மறைந்தால் இடத்தை மாற்றுங்கள். இரண்டு முழத்துக்கு மேல் தெரிந்தால் உட்காரலாம்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் மழை அதிகம். பெருமழைக்குப் பிறகு மேல்தண்ணீரில் உப்பு குறைந்து, பழுப்பு நிறம் ஏறும். அந்த இரண்டு மூன்று நாள் வாய்க்கால் வாய்ப் பகுதிகளைத் தவிர்க்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். தண்ணீர் தெளிய அப்போது வாய்ப்பு கூடும். தெற்கே சிலிக்கான் தீவு என்ற செயற்கைத் தீவுக்கான நிலமீட்பு 2023இல் தொடங்கியது. மண் கொட்டும் இடத்துக்கு அருகே தெளிவு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கரையை நம்பி வாழும் சிறுபடகு மீனவர்கள் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் கவலைகளில் இதுவும் ஒன்று; அதைக் காதில் வாங்காமல் கடந்துபோவது நியாயமல்ல.

திதி, ஓதம், இருள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே இதற்கு விடை இருக்கிறது.

ஓதம் என்றால் கடல் ஏறுவதும் வற்றுவதும். பினாங்கில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஓதம் பெரிதாகும். மலாய்த் தூண்டில்காரர்கள் ஆயிர் பெசார் என்பது இதைத்தான். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே உயரம் சுமார் 2 மீட்டர் வரை போகும். அஷ்டமியை ஒட்டி இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் இழுப்பதால் ஓதம் அதில் பாதிக்கும் கீழே குறையும். அது ஆயிர் மாத்தி, செத்த தண்ணீர். தெலுக் பஹாங்கில் மாசி மகத் தெப்பம் கடலில் இறங்குவது பௌர்ணமியை ஒட்டிய நாளில் என்பதால், அன்று கடற்கரையில் நிற்பவர்கள் பெரிய ஓதத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பெரிய ஓதம் என்றால் வேகமான ஓட்டம், அதனால் சேறு, அதனால் கலங்கல். செத்த தண்ணீர் என்றால் மெதுவான ஓட்டம், சேறு படிந்து தெளிவு. கெம்போங்குக்குத் தெளிவு வேண்டும். இது ஒரு பக்கம்.

மறுபக்கம் வெளிச்சம். இரவில் விளக்கு எரியும் துறையில் மிதவை உயிர்கள் ஒளியை நோக்கிக் கூடும், அவற்றைத் தேடிக் கெம்போங் வரும். ஆழ்கடலில் சுருக்குவலைப் படகுகள் விளக்கு கட்டிப் பிடிப்பதும் இதே தத்துவத்தில்தான். ஆனால் நிலவு வெளிச்சம் கடல் முழுக்கப் பரவியிருந்தால் விளக்கின் ஈர்ப்பு மங்கிவிடும். ஆகவே இருளும் வேண்டும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

1. பௌர்ணமி: ஓதம் பெரிது, நிலவும் முழு இரவு. இரண்டு வழியிலும் பாதகம்.
2. அமாவாசை: இருள் உண்டு, ஆனால் ஓட்டம் வேகம். வடகரையில் பார்க்கலாம், நீரிணையில் கடினம்.
3. வளர்பிறை அஷ்டமி முதல் தசமி வரை: தண்ணீர் தெளிவு. ஆனால் முன்னிரவில் நிலவு வானில் நிற்கும். அஷ்டமியன்று நள்ளிரவு 1 மணிக்குப் பிறகே இருள், அடுத்தடுத்த நாள்களில் இன்னும் தாமதம்.
4. தேய்பிறை அஷ்டமி முதல் தசமி வரை: தண்ணீர் தெளிவு, நிலவு எழுவது நள்ளிரவு 1 மணிக்கு மேல். இரவு 8 முதல் 12 வரை தெளிவும் இருளும் ஒருசேரக் கிடைக்கும்.

நான்காவதே முதல் தேர்வு. மாதத்தில் மூன்று இரவுகள்தான், ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற நேரம்.

நிலவு நள்ளிரவில் எழும் என்று படித்திருப்பீர்கள். இங்கே 1 மணி என்பதேன்? பினாங்கு கிட்டத்தட்ட 100 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது. நாட்டின் கடிகாரமோ 120 பாகையைப் பின்பற்றுகிறது. தீபகற்பத்தில் இது 1982 ஜனவரி 1 முதல். ஆகவே வானத்தின் நேரத்தைவிடக் கடிகாரம் சுமார் 80 நிமிடம் முந்திச் செல்கிறது. சூரியன் மறைவது ஏழரையை ஒட்டி என்பதற்கும் அதே காரணம். இந்தியாவிலிருந்து வந்த பஞ்சாங்கம் என்றால் திதி மாறும் நேரத்தோடு இரண்டரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

அஷ்டமி என்றாலே எதையும் தொடங்கத் தயங்கும் வீடுகள் உண்டு. அந்த நம்பிக்கை அவரவர்க்கு. தண்ணீர் ஓட்டத்தை வைத்துச் சொன்னால், கெம்போங் தூண்டிலுக்கு அந்த நாள் நன்று.

நாளைத் தேர்ந்த பிறகு நேரத்துக்கு ஓத அட்டவணை பாருங்கள். உச்ச ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தண்ணீர் நிறைந்தும் அசைந்தும் இருக்கும். முற்றிலும் நின்ற தண்ணீரில் மிதவை உயிர்கள் நகராது, கெம்போங்கும் சுறுசுறுப்பு இழக்கும்.

கருவி

இங்கே செலவு செய்யத் தேவையில்லை. 8 முதல் 9 அடி கோல், 2500 அல்லது 3000 அளவு ரீல், 10 முதல் 12 ராத்தல் நரம்பு போதும். கவனம் வேண்டியது அப்பல்லோவில்தான்.

அப்பல்லோ என்பது ஜப்பானியர் சபிக்கி என்று சொல்லும் அதே கட்டு. ஒரு தாய் நரம்பு, அதிலிருந்து பக்கவாட்டில் பிரியும் ஐந்தாறு குட்டை நரம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சின்ன முள். மேல் முனையில் சுழல்வளையம், கீழ் முனையில் ஈயம் மாட்டும் கொக்கி.

1. முள் அளவு 8 அல்லது 10 என எழுதிய பொட்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அளவுமுறை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். முள்ளின் வாயகலம் உங்கள் சுண்டுவிரல் நகத்தின் பாதிக்கு மேல் போகக்கூடாது.

2. கரைக்கு ஆறு முள் அதிகம். நடுவில் வெட்டி மூன்று அல்லது நான்காகக் குறைத்து, கீழே கொக்கியைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஆறு முள் தொங்க 9 அடிக் கோலால் வீசினால் பின்னால் நடந்து போகிறவர் சட்டையில் ஒன்று மாட்டும். பாடாங் கோத்தா போன்ற நடைபாதையில் இது உண்மையான ஆபத்து. துறையின் விளிம்பிலிருந்து நேரே கீழிறக்குவதானால் ஆறும் இருக்கலாம்.

3. ஈயம் 25 முதல் 40 கிராம். குறைந்தால் நரம்பு தளர்ந்து முட்கள் ஒன்றோடொன்று பின்னும். கூடினால் மெல்லிய தாய் நரம்பு வீச்சிலேயே அறும்.

4. பொட்டலத்தைப் பிரிக்கும் வரிசை முக்கியம். மேல் முனையை முதலில் ரீல் நரம்பில் கட்டுங்கள். பிறகு கீழ் முனையில் ஈயத்தை மாட்டி, கோலை உயர்த்தி, அட்டையிலிருந்து ஒவ்வொரு முள்ளாக விடுவியுங்கள். ஈயத்தின் எடையே நரம்பை நேராக்கும். முள்ளை முதலில் உருவியவர்கள் அரை மணி நேரம் சிக்கெடுப்பார்கள்.

5. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நரம்பு உராய்ந்து சூடேறி வலுவிழக்கும்.

கடி மந்தமாக இருந்தால் முள் நுனியில் பச்சரிசி அளவு இறால் துண்டு கோக்கலாம். அதைவிடப் பெரிதாக வேண்டாம்.

வீச்சும் இழுப்பும்

விளக்கு வட்டத்தின் நடுவில் வீசுவது பெரும் பிழை. கெம்போங் ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பில் வட்டமிட்டு, உள்ளே பாய்ந்து தின்றுவிட்டு வெளியேறும். விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மீட்டர் வீசி, விளிம்பு வழியாக இழுங்கள்.

ஈயம் தண்ணீரைத் தொட்டதும் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டே அடிவரை விடுங்கள். எட்டில் அடி தட்டினால் அடுத்த வீச்சில் ஆறில் நிறுத்துங்கள், அதற்கடுத்து நான்கில். எந்த எண்ணில் கடி கிடைக்கிறதோ அந்த எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டமாக ஒரே மட்டத்தில் நகரும் மீன் இது. மட்டம் கிடைத்தால் மற்றவை பின்னால் வரும்.

இழுப்பு: கோல் நுனியை ஒரு முழம் உயர்த்தி, ஒரு நொடி நிறுத்தி, இறங்க விட்டு, தளர்ந்த நரம்பைச் சுற்ற வேண்டும். கடி பெரும்பாலும் இறங்கும்போது விழும். அப்போது நரம்பு திடீரெனத் தளர்ந்ததுபோலத் தோன்றும். பலர் இதைக் கடி என்று உணர்வதில்லை.

முதல் மீன் மாட்டியதும் அவசரப்பட்டு வெட்டி இழுக்காதீர்கள். கெம்போங்கின் வாயோரம் காகிதம்போல மெல்லியது, கிழிந்துவிடும். ரீலின் பிடியைத் தளர்த்தி வைத்து, ஐந்து முதல் பத்து நொடி அதே மட்டத்தில் மெல்ல நகர்த்துங்கள். மாட்டிய மீன் துடிப்பதைப் பார்த்து மற்றவை மற்ற முட்களைக் கவ்வும். காணொளியில் ஒரே வீச்சில் ஆறு மீன் வருவதன் சூட்சுமம் இதுதான். அதற்கு மேல் தாமதித்தால் மீன்கள் சுற்றிச் சுற்றி எல்லா முள்ளையும் ஒரே பின்னலாக்கிவிடும்.

அறுந்த நுனி என்ன சொல்கிறது?

முள் காணாமல் போனால் உடனே புதியது கட்டாமல், அறுந்த நுனியை விளக்கில் பிடித்துப் பாருங்கள்.

கத்தரியால் வெட்டியதுபோல் நேராக இருந்தால் பேத்தை. மலாயில் புந்தால் எனப்படும் இதன் பற்கள் கிளி மூக்குபோல் நரம்பை வெட்டும். ஒன்று வந்தால் கூட்டமாக இருக்கும். இருபது அடி தள்ளிப் போங்கள். பன்றிவால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது, பிழை கட்டியவருடையது. சொரசொரப்பாக நார் கிளம்பியிருந்தால் பாறை அல்லது சிப்பியில் உராய்ந்தது. தரையில் இழுக்கிறீர்கள் என்று பொருள். முள் இருந்து அது நிமிர்ந்து போயிருந்தால் செஞ்சாரு போன்ற வலிய மீன் வந்து போயிருக்கிறது. முள்ளில் ஒற்றைச் செதில் மட்டும் ஒட்டியிருந்தால் தம்பான் கூட்டத்தில் முள் உரசியிருக்கலாம்.

தொடக்கூடாதவை

பேத்தையை வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. செம்பிலாங்கின் முதுகு முள்ளும் பக்க முட்களும், மீன் செத்த பிறகும் நஞ்சேற்றும். நரம்பை வெட்டி விட்டுவிடுவதே நல்லது. குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் கையை அமிழ்த்தி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பினாங்குக் கரைகளில் பெட்டி வடிவ ஜெல்லி மீன்கள் உண்டு. நரம்பில் கண்ணாடி நூல்போல் எதுவும் சுற்றி வந்தால் கையால் வழிக்கக் கூடாது, உயிரற்ற துண்டும் கொட்டும். பட்ட இடத்தில் சமையல் வினிகரைத் தாராளமாக ஊற்றுங்கள், தேய்க்காதீர்கள். ஒரு சின்னப் போத்தல் வினிகர் தூண்டில் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

ஐஸ் பெட்டி

'நானே பிடித்தது, இதைவிடப் புதிய மீன் ஏது' என்ற எண்ணம் கெம்போங் விஷயத்தில் ஏமாற்றும். இதன் சிவந்த சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் செத்ததும் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றத் தொடங்கும். வெப்பம் கூடக் கூட வேகம் கூடும். இங்கே கடல் நீரே 29, 30 பாகை செல்சியஸ். வாளித் தண்ணீரில் போட்டு வைப்பது அந்தப் பாக்டீரியாவுக்கு அடைகாப்பது போல. வாளியில் மீன் உயிரோடும் நிற்காது, ஓயாமல் நீந்தினால்தான் அதற்கு மூச்சு.

ஹிஸ்டமின் ஒருமுறை உருவாகிவிட்டால் குழம்பில் கொதித்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும் அழியாது. மீன் நாறுவதற்கு முன்பே அளவு ஏறியிருக்கலாம். தின்ற சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை வலிக்கும், தடிப்பு எழும், வாயில் மிளகு கடித்ததுபோல் எரியும். பலர் இதை 'மீன் ஒவ்வாமை' என்று எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கக் கெம்போங்கை ஒதுக்கிவிடுகிறார்கள். மூச்சு திணறினாலோ முகம் வீங்கினாலோ காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வெப்பக் கடலில் பிடித்த இத்தகைய மீன் செத்து 6 மணி நேரத்துக்குள் ஐஸில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மீன் தொழிலுக்குத் தரும் வழிகாட்டலில் உள்ள வெளி எல்லை. தூண்டில்காரருக்கு அவ்வளவு தாமதம் தேவையே இல்லை:

1. கிளம்பும் முன் பெட்டியில் நொறுக்கிய ஐஸ் இரண்டு பங்கு, கடல்நீர் ஒரு பங்கு. வெறும் ஐஸ் கட்டிகள் மீனை அங்கங்கேதான் தொடும். ஐஸ் கூழ் முழு உடலையும் சூழ்ந்து விரைவாகக் குளிரவைக்கும்.
2. முள்ளிலிருந்து கழற்றிய கையோடு செவுளைக் கிள்ளி இரத்தம் வடியவிட்டு உள்ளே போடுங்கள்.
3. மீன் எடைக்குச் சமமாகவாவது ஐஸ் இருக்க வேண்டும். ஐஸ் கரைந்து மீன் மிதக்கத் தொடங்கினால் தூண்டிலைச் சுருட்டும் நேரம் வந்துவிட்டது.
4. வீட்டுக்கு வந்ததும் குடலையும் செவுளையும் எடுத்துக் கழுவி, அன்றே சமைக்காததை உறைபெட்டியில் வையுங்கள். உறைந்ததைச் சமையல் மேடையில் வைத்துக் கரைக்காமல், முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மேடையில் கிடக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தில் ஹிஸ்டமின் மறுபடி ஏறும்.